குளிரும் டீசல் எந்திரமும்

ஆண்டு முழுவதும் வெயில் காயும் நாட்டிலே வாழும் எமக்குக் குளிர்கால வாகனப் பாடம் எதற்கு என வாசகர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. யாம் வாழும் கொலன்னாவையில் மார்கழி விடியலிலுங்கூட வெப்பநிலை 20 பாகை செல்சியசுக்குக் கீழ் இறங்குதல் அரிது. ஆனால் இங்குள்ள பெரிய எண்ணெய்த் தாங்கிகளிலிருந்து புகைவண்டியிலும் பவுசரிலும் புறப்படும் டீசல், மலைநாட்டு வாகனங்களுக்கும் சென்று சேருகின்றது. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவிலே, தை மாசி மாதங்களில் முகிலற்ற இரவுகளில் நிலம் தன் வெப்பத்தை வானுக்கு இழந்து விடுகின்றது; புல்லின் மேலும் தேயிலைக் கொழுந்தின் மேலும் வெண்பனி உறைகின்றது. அவ்விடியலிலே மரக்கறி ஏற்றிய லொறியொன்று இயங்க மறுத்தால், பேலியகொடை மனிங் சந்தையிற் பொழுதோடு சேரவேண்டிய கோவாவும் லீக்சும் வாடிப்போகும். தோட்டத்து நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டிய வாகனமாயின், இழப்பு பணத்தோடு நில்லாது.

இன்னுமொரு காரணமும் உண்டு. எம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் இன்று கனடா, நோர்வே, சுவிற்சர்லாந்து முதலிய பனிநாடுகளில் வாழ்கின்றனர். அவர்களும் இம்மலரைப் படிப்பர். தமிழாசிரியர் எந்திரத்தைப் பற்றி எழுதலாமோ என்று ஐயுறுவார்க்கு ஒன்று கூறுவோம். எந்திரம் என்னும் சொல் சங்க நூல்களிலேயே கரும்பு பிழியும் பொறியைக் குறித்து வந்துள்ளது. பொறியைப் பற்றித் தமிழிற் பேசுதல் எமக்குப் புதிதன்று.

1. டீசல் எந்திரம் இயங்கும் வகை

பெற்றோல் எந்திரத்திலே காற்றும் எரிபொருளும் கலந்த கலவையை மின்பொறி பற்றவைக்கின்றது. டீசல் எந்திரத்திலோ மின்பொறி இல்லை. உருளைக்குள் காற்று மட்டுமே இழுக்கப்படுகின்றது. பிஸ்ரன் என்று வேலைத்தலத்தார் கூறும் முசலம் மேலெழுந்து அக்காற்றைப் பதினாறு முதல் இருபத்திரண்டு மடங்கு வரை நெருக்குகின்றது. நெருக்குண்ட காற்றுச் சூடேறும். துவிச்சக்கர வண்டிக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதை நாம் எல்லோரும் கையால் உணர்ந்திருக்கின்றோம், இதுவும் அதுவே. அச்சூடான காற்றிலே டீசல் நுண்துளிகளாகச் சீறி விழ, அது தானாகவே பற்றுகின்றது.

இதனைக் கண்டவர் 1858 இல் பாரிசு நகரிற் பிறந்த ரூடோல்வ் டீசல் என்னும் ஜேர்மானியப் பொறியியலாளர். 1897 இல் ஓக்ஸ்பர்க் நகரிலே அவர் செய்து காட்டிய எந்திரம், எரிபொருளின் ஆற்றலில் நூற்றுக்கு 26 பங்கை வேலையாக மாற்றியது. அக்காலத்து நீராவி எந்திரங்கள் அதன் பாதியையும் எட்டுதல் அரிது. இவர் மியூனிக் நகரிலே, குளிரூட்டும் பொறிகளைச் செய்து புகழ்பெற்ற கார்ல் வொன் லிண்டே என்பாரிடம் கற்றவர். பின் அவரிடமே வேலையும் பார்த்தவர். குளிர்ப்பொறி செய்வாரிடம் பயின்றவர் ஆக்கிய எந்திரத்துக்குக் குளிரே முதற் பகையாய் அமைந்தது வியப்பன்றோ!

டீசல் எந்திரம் எம் நாட்டுக்கும் நெடுநாளைய உறவினது. 1938 இலேயே எமது புகையிரதப் பாதையில் டீசல் வண்டித் தொடர்கள் ஓடின. 1954 முதல் கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா வழங்கிய டீசல் எந்திரங்கள் வந்தன. ஒன்ராறியோ, அல்பேற்றா எனக் கனடிய மாகாணங்களின் பெயரைத் தாங்கி அவை ஓடின. அம்மாகாணங்களிலேயே எம்மவர் பல்லாயிரவர் பிற்காலத்திற் குடியேறுவர் என்பதை அன்று யார் நினைத்திருப்பர்?

2. குளிர் விளைக்கும் நான்கு தடைகள்

முதலாவது தடை, காற்றின் குளிர். இதனைக் கணக்கால் அறிவோம். கொழும்பிலே 27 பாகையில் உள்ள காற்றை இருபது மடங்கு நெருக்கினால், இழப்பையும் ஓரளவு கருதி, அதன் வெப்பநிலை ஏறத்தாழ 580 பாகை ஆகும். நுவரெலியாவிலே 3 பாகையில் உள்ள காற்றை அவ்வாறே நெருக்கினால் ஏறத்தாழ 510 பாகையே கிடைக்கும். தொடக்கத்தில் 24 பாகை வேறுபாடு. முடிவில் 70 பாகை வேறுபாடு. சிறு குறை மும்மடங்காய்ப் பெருகுகின்றது. இனி எந்திரம் பழையதாயின், தேய்ந்த வளையங்களின் வழியே காற்று ஒழுகும். இருபது மடங்கு நெருக்கம் பெயரளவில் இருக்க, நடைமுறையிற் பதினாறாய்க் குறையலாம். அப்பொழுது 455 பாகை அளவே எஞ்சும். குளிர்ந்த இரும்புச் சுவர் அதிலும் ஒரு பங்கைப் பறித்துக்கொள்ளும். டீசல் 210 முதல் 250 பாகை அளவில் தானாகப் பற்றவல்லது எனினும், அது பொறுமையாகக் காத்திருக்கும்போது நிகழ்வது. எந்திரத்திலே கண்ணிமைப்பொழுதிலும் குறைந்த நேரமே உண்டு. ஆதலின் அதனிலும் மிக்க சூடு வேண்டும். மேலும் நுவரெலியாவின் உயரத்திலே காற்றமுக்கம் கடற்கரையினும் ஏறத்தாழ நூற்றுக்கு இருபது குறைவு. உருளைக்குட் புகும் காற்றே அளவிற் குறைவாய் இருத்தலின், அது கொண்ட வெப்பமும் விரைவிற் சுவரிற் கரைந்து போகின்றது.

இரண்டாவது தடை, எஞ்சின் ஒயிலின் பிசுக்குமை. குளிரில் ஒயில் தேன்போற் தடிக்கும், எந்திரத்தைச் சுழற்றல் கடினமாகும், சுழற்சி மெதுவாகும். மெதுவாகச் சுழன்றால் காற்று ஒழுகவும் வெப்பம் வெளியேறவும் நேரம் கூடும். ஆகவே இரண்டாம் தடை முதலாம் தடையை மேலும் வலுப்படுத்துகின்றது. ஒயில் தகரத்தின் மேல் எண்ணோடு சேர்த்து ஆங்கில டபிள்யூ எழுத்து இருப்பதைக் காணலாம். அது குளிர்காலத்தைக் குறிக்கும். அவ்வெழுத்துக்கு முன்னுள்ள எண் சிறிதாயின், குளிரில் அந்த ஒயில் எளிதில் ஓடும்.

மூன்றாவது தடை, பற்றரியின் தளர்ச்சி. பற்றரியின் உள்ளே மின்னைத் தருவது வேதியியல் வினை. குளிரில் அவ்வினை மெதுவாகும். உறைநிலைக்குக் கீழ் 18 பாகையிலே, நல்ல பற்றரியும் தன் வலுவில் ஏறத்தாழப் பாதியையே தரும். எந்திரம் கூடுதலாகக் கேட்கும் வேளையிலே பற்றரி குறைவாகக் கொடுக்கின்றது. வரவு குன்றிச் செலவு மிகும் குடும்பத்தின் நிலையே அதற்கும் நேருகின்றது.

நான்காவது தடை, டீசலில் உள்ள மெழுகு. டீசலிலே இயல்பாகவே மெழுகுப் பொருள் கரைந்துள்ளது. குளிர் மிகும்போது அது நுண்படிகங்களாய்ப் பிரிந்து எரிபொருளை மங்கச் செய்யும். பின் வடியை அடைக்கும். முடிவில் டீசல் கூழாகி ஓடாது நிற்கும். வெப்ப நாட்டு டீசல் மிதமான குளிரிலேயே மங்கத் தொடங்கக்கூடும். எனினும் எம் மலைநாட்டிற் பெரும்பாலும் தொல்லை தருவன முதல் மூன்று தடைகளே. நான்காவது பனிநாடுகளின் பெரும்பகை.

3. ஹீற்றர் பிளக்கின் தொழில்

காற்றிற் குறைந்த சூட்டை ஈடுசெய்யவே ஹீற்றர் பிளக் அமைந்தது. பழைய வான்களிலும் சிறு லொறிகளிலும் ஒவ்வோர் உருளைக்கும் ஒன்றாக அது பொருத்தப்பட்டிருக்கும். மின்னால் அதன் நுனி 800 பாகைக்கு மேலும் சிவக்கும். பழைய வகையானவை சிவக்க இருபது முதல் முப்பது செக்கன் வரை எடுக்கும். நான்கில் ஒன்று பழுதாயின் எந்திரம் மூன்று உருளையில் நடுங்கிக்கொண்டே எழும். இரண்டு பழுதாயின் வெப்பநாட்டில் எழுந்த எந்திரம் மலைநாட்டில் எழாது. கொழும்பில் நன்றாக ஓடிய வாகனம் நுவரெலியாவிலே ஓரிரவு நின்று மறுநாள் மறுப்பதன் காரணம் பெரும்பாலும் இதுவே. பழுது குளிரால் வந்ததன்று. முன்பே இருந்த பழுதைக் குளிர் வெளிப்படுத்தியது என்று அறிக.

பெரிய லொறிகளிலும் பஸ்களிலும் ஹீற்றர் பிளக் இல்லாதனவே மிகுதி. அவற்றுட் சிலவற்றில் உட்செல்லும் காற்றைச் சூடாக்கும் அமைப்பு உண்டு. சில பழைய பம்புகளிலே, தொடக்க வேளையில் மட்டும் கூடுதல் டீசல் செலுத்துவதற்கென ஒரு பொத்தான் உண்டு. தம் வாகனத்தில் எது உள்ளது என்பதைச் சாரதி அறிந்திருத்தல் வேண்டும்.

4. முன்னாள் மாலையிற் செய்யவேண்டியவை

குளிர் விடியலில் எந்திரம் எழுவது பெரும்பாலும் முன்னாள் மாலையிலேயே முடிவாகின்றது.

(அ) தாங்கியை இயன்றவரை நிரப்புக. வெற்றிடத்தில் உள்ள ஈரக்காற்று இரவிற் குளிர்ந்து நீராய்ப் படியும். டீசலினும் நீர் பாரமானது ஆதலின் அடியிற் தங்கும். பின் வடிக்கும் பம்புக்கும் செல்லும்.

(ஆ) வடியின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி நீரை வெளியேற்றுக.

(இ) பற்றரியின் முனைகளிற் படிந்த வெண்பூப்பைத் துடைத்து இறுக்குக. பற்றரி எத்துணைப் புதியதாயினும், தளர்ந்த முனையின் வழியே முழு வலு செல்லாது.

(ஈ) இயன்றால் கூரையின் கீழ் அல்லது மதிலோரம் நிறுத்துக. திறந்த வானத்தின் கீழ் நிற்கும் வாகனமே விரைவில் வெப்பத்தை இழக்கும்.

(உ) உறைபனிக்கு அஞ்சவேண்டிய இடமாயின், றேடியேற்றரில் வெறும் நீரை விடாது உறைதடுப்பு நீர்மம் கலந்து விடுக. நீர் உறையும்போது நூற்றுக்கு ஒன்பது பங்கு பருமனில் விரியும். அவ்விரிவு வார்ப்பிரும்பையும் பிளக்கும்.

5. விடியலிற் செய்யவேண்டியவை

முதலில் விளக்கு, வானொலி அனைத்தையும் அணைத்துவிடுக. ஹீற்றர் பிளக்கை உரிய நேரம் சூடாக்குக. அவசரத்திற் பாதியிலே சாவியைத் திருப்பற்க. கியரை நடுநிலையில் வைத்துக் கிளச்சை முற்றாக மிதித்துக்கொள்க. கியர்ப்பெட்டியின் தடித்த ஒயிலையும் சேர்த்துச் சுழற்றும் பாரம் அதனாற் குறையும். பின் ஸ்ராட்டரைப் பத்து முதல் பதினைந்து செக்கன் வரை மட்டும் சுழற்றுக. எழவில்லையாயின் ஒரு நிமிடமேனும் பொறுத்து, மீண்டும் சூடாக்கிச் சுழற்றுக. இடைவிடாது சுழற்றினால் பற்றரி ஒழியும், ஸ்ராட்டரும் கருகும்.

இரண்டு முறை முயன்றும் பயனில்லையாயின், பின்சென்று புகைக்குழாயை நோக்குக. வெண்புகை வருமாயின், டீசல் உருளைக்குட் போகின்றது, ஆனால் பற்றுவதற்குச் சூடு போதவில்லை என்று பொருள். ஹீற்றர் பிளக்கையும் பற்றரியையும் பார்க்கவேண்டும். புகையே இல்லையாயின், டீசல் வந்து சேரவில்லை. வடி அடைத்திருக்கலாம், குழாயிற் காற்றுப் புகுந்திருக்கலாம். அந்நிலையிற் கைப்பம்பை அடித்துக் காற்றை வெளியேற்றுதல் வேண்டும். இவ்வொரு குறிப்பை நினைவில் வைத்திருப்பார் பாதி மெக்கானிக்கு ஆவர்.

எந்திரம் எழுந்தபின் உடனே முடுக்கற்க. தடித்த ஒயில் மேற்பாகம் சென்று சேரச் சிறிது நேரம் வேண்டும். ஓரிரு நிமிடம் மெல்ல ஓடவிட்டு, பின் குறைந்த வேகத்திற் புறப்படுக. ஓட்டத்திலேயே எந்திரம் நன்கு சூடேறும்.

6. செய்யத்தகாதவை

இப்பகுதியை வாசகர் கருத்தூன்றிப் படிக்க வேண்டும்; இதிலே உயிர்கள் அடங்கியுள்ளன.

ஒன்று: தாங்கியின் கீழோ எஞ்சினின் கீழோ தீ மூட்டற்க. குளிர்நாட்டுச் சாரதியர் பலர் இதனைச் செய்ததுண்டு; பழைய வாகனத்தின் ஒழுகிய எண்ணெயிற் தீ பற்றி வாகனமே எரிந்துபோகும்.

இரண்டு: காற்றுக் குழாயிற் பெற்றோலை ஊற்றற்க. 1990 ஆம் ஆண்டை அடுத்த தட்டுப்பாட்டுக் காலத்திலே, யாழ்ப்பாணத்தவர் பெற்றோல் எந்திரங்களின் காபுரேற்றரிற் சில துளி பெற்றோலை விட்டு எழுப்பி, பின் மண்ணெண்ணெயில் ஓட்டினர். இல்லாமை கற்பித்த அறிவு அது. ஆனால் அது மின்பொறியுள்ள எந்திரத்துக்கு உரியது. அதனை டீசல் எந்திரத்தில் முயலுதல் முறையன்று. தெளிப்புப் புட்டியில் வரும் ஈதரும் அத்தகையதே. ஈதர் ஏறத்தாழ 160 முதல் 180 பாகையிலேயே பற்றும். ஹீற்றர் பிளக் சிவந்திருக்கும்போது அதனைத் தெளித்தால், முசலம் மேலெழுமுன்னரே வெடித்து முசலமும் உடையும், தெளித்தவன் கையும் முகமும் வேகும்.

மூன்று: அடைத்த கராச்சுக்குள் எந்திரத்தை ஓடவிடற்க. புகையோடு வெளிவரும் காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கம் போலவே வந்து உயிரைக் கொண்டுபோகும்.

நான்கு: சரிவில் உருட்டி எழுப்புதலை வழக்கமாக்கற்க. மலைநாட்டிலே வாகனத்தைப் பள்ளம் நோக்கி நிறுத்தி, விடியலில் உருட்டிக் கியரிற் போட்டு எழுப்பும் முறை பழையது. எந்திரம் ஓடாதபோது பிரேக்குக்குத் துணைசெய்யும் வெற்றிடப் பம்பும் ஓடாது. மிதி கல்லாய் இறுகும். காற்றுப் பிரேக் உள்ள வாகனத்திலே இரவில் அமுக்கம் ஒழுகியிருக்கும். ஒருபுறம் மலையும் மறுபுறம் பள்ளத்தாக்குமான பாதையிலே, எந்திரம் எழாமலும் பிரேக் பிடியாமலும் உருளும் லொறியை நினைத்துப் பார்க்க.

ஐந்து: வேறொரு பற்றரியிலிருந்து மின் பெறும்போது, நேர்முனையை நேர்முனையோடு இணைத்து, எதிர்முனைக் கம்பியின் மறுநுனியைப் பற்றரிக்குத் தொலைவான எஞ்சின் இரும்பில் இணைக்க. பற்றரியிலிருந்து எழும் ஐதரசன் வாயு ஒரு சிறு பொறியாலும் வெடிக்கும்.

ஆறு: குளிர்ந்து கிடக்கும் எந்திரத்திலே கொதிநீரை ஊற்றற்க. சடுதியான சூட்டால் இரும்பு வெடிக்கும். வேண்டுமாயின் இளஞ்சூட்டு நீரே போதும்.

7. பனிநாடுகள் கண்ட வழி

இமயத்துக்கு அப்பால் உள்ள லடாக்கிலே குளிர் உறைநிலைக்குக் கீழ் முப்பது பாகையையும் தொடும். அங்குச் சாரதியர் டீசல் உறையாதிருக்க மண்ணெண்ணெய் கலந்து வந்தனர். அது மெழுகைக் கரைக்கும். ஆயின் டீசலின் வழுக்குந்தன்மையையும் குறைத்துப் பம்பைத் தேய்க்கும். 2019 நவம்பரில் இந்திய எண்ணெய்க் கூட்டுத்தாபனம், பானிப்பட்டு ஆலையிலே ஆக்கிய குளிர்கால டீசலை அங்கு அறிமுகம் செய்தது. அது உறைநிலைக்குக் கீழ் 33 பாகை வரை ஓடும் தன்மையை இழக்காதது. ஐரோப்பாவிலும் கனடாவிலும் பருவத்துக்கேற்ப டீசல் மாற்றி விற்கப்படுகின்றது. ஆதலின் அந்நாடுகளில் உள்ளோர், கோடையில் நிரப்பிய தாங்கியோடு குளிர்காலத்துட் புகாதிருத்தல் நன்று.

கனடாவின் உட்பகுதி நகரங்களிலே, நிறுத்திய வாகனங்களின் முன்புறத்திலிருந்து மின்கம்பி தொங்குவதைக் காணலாம். அஃது எஞ்சினைச் சுற்றியுள்ள நீரை இரவிற் சூடாக வைத்திருக்கும் கருவிக்கு உரியது. அமெரிக்காவின் வட டக்கோட்டாவைச் சேர்ந்த அன்றூ பிறீமன் இத்தகைய கருவிக்கு 1949 இல் உரிமம் பெற்றார். புறப்படுவதற்கு இரண்டு மூன்று மணி முன் அதனை இணைத்தாற் போதும். காற்றின் குளிர், ஒயிலின் தடிப்பு ஆகிய இரு தடைகளும் அதனாற் தளரும். பற்றரியின் பாரமும் குறையும். உருசியரோ, இரண்டாம் உலகப்போரில் ஓடிய தம் டீசல் தாங்கிகளிலே, பற்றரி தளர்ந்தாலும் எந்திரத்தைச் சுழற்ற அமுக்கிய காற்றுப் புட்டிகளை வைத்திருந்தனர். ஒரே தடைக்கு நாடுதோறும் வேறு வேறு விடை. ஆனால் அறிவு ஒன்றே.

முடிவுரை

பழைய டீசல் வாகனம் குளிரில் மறுப்பது அதன் பிடிவாதம் அன்று. வெப்பம், சுழற்சி, எரிபொருள் என்னும் மூன்றில் ஒன்று அதற்குக் கிடைக்கவில்லை. எது கிடைக்கவில்லை என்று கண்டறிந்து கொடுப்பவன் சாரதி. காணாது அடித்து முடுக்குபவன் வாகனத்தையும் இழந்து, சிலவேளை தன்னையும் இழக்கின்றான். புதிய வாகனம் வாங்கும் வசதி எல்லோர்க்கும் இல்லை. மலைநாட்டிலே ஒரு பழைய லொறியை நம்பி ஒரு குடும்பமும், அக்குடும்பத்தை நம்பிச் சில தோட்டக்காரரும் வாழ்கின்றனர். அவர்களுட் சிலர் எம் மாணாக்கரின் பெற்றோராகவும் இருக்கலாம். ஆதலின் இப்பாடத்தைப் படித்த மாணாக்கர், வீட்டிலும் அயலிலும் வாகனம் வைத்திருப்பார்க்கு ஆறாம் பகுதியையேனும் வாசித்துக் காட்டுவாராக.

மாணாக்கர் சிந்தனைக்கு

1. டீசல் எந்திரத்துக்கு மின்பொறி வேண்டாமை ஏன்?
2. தொடக்கத்திற் காற்று 24 பாகை குளிர்ந்தால், நெருக்கிய பின் வேறுபாடு அதனிலும் பெரிதாவது ஏன்?
3. வெண்புகை வருதலும் புகை வாராமையும் எவ்வெப் பழுதைக் காட்டும்?
4. காற்றுப் பிரேக் உள்ள லொறியைச் சரிவில் உருட்டி எழுப்பலாகாது என்பதற்குக் காரணம் கூறுக.